அம்மாவுக்குப் பிடித்த இரைச்சல்

ஹெட்ஃபோனை எப்படி வைத்தாலும் அம்மாவின் தலையில் நிற்காமல் வழுக்கியது. தலை அவ்வளவு சிறுத்துப் போயிருந்தது. வளையத்தைக் கடைசிவரை உள்ளே தள்ளியும் பயனில்லை. மகள் ஒரு கைக்குட்டையை மடித்து உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் நடுவில் செருகினாள்.

"என்னடி, கிரீடம் வைக்கிறியா?" என்றாள் அம்மா.

"ஆமா மகாராணி. பேசாமக் கேளு. ரெண்டு இருக்கு. எது நல்லா இருக்குன்னு சொல்லணும். தூங்கக் கூடாது."

"நான் எப்பத் தூங்கினேன்?"

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. மகள் வாசித்துப் பதிவு செய்த எந்தப் புத்தகத்தையும் அம்மா முழுசாகக் கேட்டது கிடையாது. முதல் பக்கம் முடிவதற்குள் குறட்டை வந்துவிடும். எழுப்பினால், "கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ராஜா செத்துட்டான்ல?" என்பாள். புத்தகத்தில் ராஜாவே இருக்க மாட்டான்.

மகளுக்கு அதுதான் பிழைப்பு. புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பது. அதற்கு முன்னால் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலிக்காகத்தான் அம்மா சலவை ஆலையில் ஆவி இஸ்திரி மெஷின் முன்னால் நின்று நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துப் போனாள். அப்பா டிப்போவில் பஸ் டயர்களோடு மல்லுக்கட்டினார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அந்த ஆள் நாற்காலியை உதறிவிட்டு வந்து, துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு மைக்கில் கதை படிக்கிறேன் என்றதும் உறவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். "டிகிரி" என்று பெயர் வைத்தது பெரியம்மா. அம்மாவின் கூடப்பிறந்த அக்கா.

இப்போது கையில் இருந்தது தேனீ வளர்ப்பைப் பற்றிய புத்தகம். பெரிய நிறுவனம். அனுப்பிய அத்தியாயங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரல் நன்றாக இருக்கிறது, பின்னால் இரைச்சல் இருக்கிறது, சுத்தமான பதிவு வந்தால் மேலே போகலாம், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். குற்றம் அவள் வைத்திருந்த மலிவு மிக்சருடையது, மைக்கின் ஒலியை வாங்கி ரெக்கார்டருக்குக் கொடுக்கிற பெட்டி. அவளுக்குச் சன்னமான குரல். மைக்கும் பழசு, அது பிடிக்கிற ஒலியைப் பல மடங்கு தூக்கிவிட்டால்தான் காதுக்கு எட்டும். அப்படித் தூக்கிவிடுகிற பகுதிக்கு ப்ரீஆம்ப் என்று பெயர். நல்ல ப்ரீஆம்ப் குரலை மட்டும் தூக்கும். மட்டமானது குரலோடு தன் சளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும், உஸ்ஸென்று.

புதுசு வாங்க வக்கில்லை. நல்ல ப்ரீஆம்ப் உள்ள பழைய மிக்சராகத் தேடி அலைந்ததில் கடைசியாக இரண்டு நின்றன. ஒன்று கடைவீதியில் இருந்தது. மேசை நிறைய வருகிற அளவுக்குப் பெரிசு, நீல விளக்குகள், குகைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் குரலை மாற்ற ஒரு பொத்தான். இன்னொன்று, ஸ்டுடியோவை மூடிவிட்ட ஒருவரின் வீட்டில், கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சாம்பல் நிறம். உருவம் சின்னது, கனம் கருங்கல். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்களில் ஒன்று, தள்ளினால் கரகரத்தது. இரண்டு இடத்துக்கும் தன்னுடைய மைக்கையே எடுத்துப் போய், ஒரே பத்தியை ஒரே குரலில் வாசித்து ரெக்கார்டரில் பிடித்து வந்திருந்தாள்.

மிக்சர் வாங்கப் போகிற ஆண்கள் எல்லாரும் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்ப்பதை அவள் கடையில் நின்று பார்த்திருக்கிறாள். கத்தினால் எந்த மிக்சரும் நன்றாகத்தான் இருக்கும். கத்துகிறவனுக்கு உலகத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சின்னக் குரலில் பேசிவிட்டு, நிறுத்தி, அந்த நிறுத்தத்தில் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அவள் பார்த்துவிட்டாள். சாம்பல் மிக்சர்தான். கரகரக்கிற குமிழைத் துடைத்துச் சரிசெய்துவிடலாம். சளி பிடித்த ப்ரீஆம்பை ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு எதற்கு அம்மாவிடம் கேட்பது? அந்த வீட்டில் ஒரு வாளி வாங்கினாலும் அம்மா தட்டிப் பார்க்காமல் உள்ளே வராது. கேட்காமல் வாங்கினால் அந்த வாளிக்கு ஆயுள் முழுக்க வசவுதான்.

முதலில் சாம்பல் மிக்சரில் எடுத்ததைப் போட்டாள். அம்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "ம். அடுத்தது."

அடுத்தது பெரிய மிக்சர். அம்மாவின் கண்கள் மூடின. தோள் இறங்கியது. வாரக்கணக்காக முகத்தில் கிடந்த ஒரு சுளிப்பு அவிழ்ந்தது.

"இதுதான்" என்றாள்.

"அம்மா, அதுல இரைச்சல் இருக்கு. உனக்குக் கேக்கலையா?"

"ஏன் கேக்கல? அதான் நல்லா இருக்கு. மெஷின் ஓடுற மாதிரி இருக்கு. முதல்ல போட்டியே, அது என்ன, ஆளில்லாத வீட்டுல யாரோ பேசுற மாதிரி. பயமா இருக்கு."

"உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"கேட்ட, சொல்லிட்டேன். அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்குற? பெருசையே வாங்கு. காசு குடுத்து வாங்குற சாமான் கண்ணுக்காவது நிறைவா இருக்க வேணாமா?"

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வந்தாள். பழப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்ன டிகிரி, சாகக் கிடக்கிறவகிட்ட என்ன வம்பு?"

"யாருடி சாகக் கிடக்கிறது?" என்றாள் அம்மா, அக்காவைப் பார்த்து. "நான் மிக்சர் வாங்கிட்டிருக்கேன்."

பெரியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மதியம் பெரியம்மா கிளம்பிய பிறகு அம்மா மறுபடி ஹெட்ஃபோனைக் கேட்டாள். "அந்த ரெண்டாவதைப் போடு. நிக்காம ஓடுற மாதிரி போட்டுட்டுப் போ."

மகளுக்கு எரிச்சல் இன்னும் தணியவில்லை. திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்து ஸ்டுடியோக்காரருக்கு ஃபோன் செய்தாள். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நான் வருகிறேன் என்றாள். அவர் ஒரு பாட்டம் தன் ஸ்டுடியோ கதையைச் சொன்னார். கீழே தெருவில் யாரோ கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முடியும்வரை ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

உள்ளே வந்தபோது அம்மாவின் காதோரத்திலிருந்து அவளுடைய குரலே கசிந்துகொண்டிருந்தது. 'குளிர்காலத்தில் தேனீக்கள் கூட்டின் நடுவில் ஒன்றாகத் திரண்டு...' அம்மாவின் வாய் எப்போதும்போல லேசாகத் திறந்திருந்தது.

குறட்டை இல்லை.

அவள் கட்டிலை நெருங்கவில்லை. அங்கேயே நின்று, பத்தி முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைக் கேட்டாள். பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா டிப்போவிலிருந்து அப்படியே வந்தார். வந்ததும் கட்டிலுக்குப் போகாமல் கழுவுமிடத்துக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கிரீஸைத் தேய்த்துக் கழுவினார். நிதானமாகக் கழுவினார். அதன் பிறகு வந்து ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் தூக்கினார். கைக்குட்டை தலையணையில் விழுந்தது. அவர் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நல்லா படிச்சிருக்கம்மா" என்றார்.

அவள் வாசித்த எதையும் அதுவரை அவர் கேட்டதில்லை.

சாவு வீட்டில் கதை சீக்கிரம் பழுத்துவிடும். மகள் குரலைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள் என்று தொடங்கினாள் பெரியம்மா. அம்மாவை எடுத்துப் போகிற நேரத்துக்குள், அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணுக்கு அந்தப் பெரிய மிக்சரை வாங்கிக் குடுத்துடு" என்று கண்ணீர் விட்டதாக ஆகியிருந்தது. ஒரு மாமா இதைக் கேட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். பட்டதாரிக்குப் பல்லைக் கடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அம்மா கையைப் பிடிக்கவில்லை. அழவில்லை. வாளியைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒரு சாமானைத் தட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்னாள். அவ்வளவுதான். அந்த மனுஷியை எல்லாரும் சேர்ந்து இன்னொரு மனுஷியாக்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு கழுவி விடப்பட்ட பிறகு ஒரு காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. பெரியம்மா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஆட்டோக்காரர் மூச்சு வாங்க ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்து வந்து கூடத்தில் இறக்கினார். மேல்மூடியின் இடுக்கில் வரிசையாகக் குமிழ்கள் தெரிந்தன.

"அன்னிக்கு உங்கம்மா எங்கிட்ட சொன்ன அடையாளத்தை வெச்சுத்தான் கடையைத் தேடிக் கண்டுபிடிச்சேன்" என்றாள் பெரியம்மா. "நீல லைட்டு எரியுமேன்னு சொன்னேன், டக்குன்னு எடுத்துக் குடுத்தான். என் தங்கச்சி கடைசியா வாய் திறந்து கேட்டது. நான் இருக்கும்போது அது நடக்காமப் போகுமா?"

அப்பா பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வாயில் வந்ததை மகள் விழுங்கினாள். மிக்சரை வெளியே எடுத்து, மின்சாரம் கொடுத்து, ஹெட்ஃபோனைச் செருகினாள். மைக் எதையும் மாட்டவில்லை. ஒலியைத் தூக்கிவிடுகிற கெயின் குமிழை வலப்பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, ஹெட்ஃபோனைப் பெரியம்மாவின் தலையில் வைத்தாள்.

"இதுல இன்னும் யாரும் பேசவே இல்ல பெரியம்மா. என்ன கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

இதைக் கேட்டால் பெரியம்மாவுக்கே புரிந்துவிடும் என்று நினைத்தாள். பெரியம்மாவின் முகம் மாறியது. ஆனால் அவள் நினைத்தபடி மாறவில்லை.

"அடிப்பாவி" என்றாள் பெரியம்மா, ஹெட்ஃபோன் போட்டிருக்கிறவர்கள் பேசுவதுபோல உரக்க. "நம்ம இஸ்திரி மெஷினுடி இது! மூடியை இறக்கினா இதே சத்தம்தான் வரும். நானும் உங்கம்மாவும் பக்கத்துப் பக்கத்து மெஷின். அவ நின்னுக்கிட்டே தூங்குவா. சூப்பர்வைசர் வந்தா நான் ஈரத் துண்டால அடிச்சு எழுப்புவேன்."

இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள். மகள் குனிந்து கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எதைக் கேட்டுத் தூங்கினாள் என்பது இப்போது நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால் ஒன்றும் சுலபமாகிவிடவில்லை. கஷ்டம்தான் கூடியது. நீல விளக்குகள் பல்லைக் காட்டிக்கொண்டு எரிந்தன.

"இது எனக்கு வேணாம் பெரியம்மா" என்றாள்.

பெரியம்மா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "என்ன சொன்ன?"

"இது வேணாம். இதுல எடுத்து அனுப்பினா மறுபடியும் திருப்பி அனுப்புவாங்க. புத்தகம் வேற ஆளுக்குப் போயிடும்."

"உங்கம்மா கேட்டதுடி."

"அம்மா தூங்குறதுக்குக் கேட்டா. நான் தூங்க முடியாது. எனக்கு வேலை இருக்கு."

"கல்லு மனசுடி உனக்கு. படிச்சுப் படிச்சு எல்லாம் வறண்டு போச்சு. நாங்க படிக்கல, எங்களுக்கு மனசாவது இருக்கு."

"ஆமா, வறண்டு போச்சு. எங்கம்மா செத்துட்டாங்கிறதுக்காக நான் தப்பான மிக்சரை வாங்கணுமா? அவ உயிரோட இருந்தா சண்டை போட்டுட்டு நல்லதைத்தான் வாங்கியிருப்பேன். அவளும் ரெண்டு நாள் திட்டிட்டு அதுலயே தூங்கியிருப்பா. செத்ததும் அவகூட சண்டை போடக் கூடாதா? அப்போ அவ எனக்கு யாரு, சாமியா?"

குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. மிக்சரை அணைத்தாள். நீல விளக்குகள் போனதும் கூடம் சட்டென்று இருண்டதுபோல இருந்தது.

பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்பா எழுந்தார். முட்டியைப் பிடித்து நிமிர்ந்து நின்று கேட்டார்:

"அந்த இன்னொண்ணு எங்கம்மா இருக்கு?"

கடைக்காரர் திருப்பி எடுக்க முடியாது என்றுதான் ஆரம்பித்தார். பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். எடுத்துக்கொண்டார். அங்கிருந்து மூன்று பேரும் ஸ்டுடியோக்காரரின் வீட்டுக்குப் போனார்கள். வழி முழுக்கப் பெரியம்மா மகளோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் ஆட்டோக்காரரின் முதுகுக்குச் சொன்னாள். "அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கிறேன். கட்டிலுக்கடியில கிடக்கிற சாமானாம். எலி மூத்திரம் அடிச்சதோ என்னவோ."

ஸ்டுடியோக்காரர் மிக்சரைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு, "விஷயம் தெரியாம அன்னிக்கு ஃபோன்ல கதை அளந்துட்டிருந்தேன் தங்கச்சி" என்றார். அவள் பரவாயில்லை என்று தலையாட்டினாள். ஒவ்வொரு சேனலாக மைக்கை மாட்டிப் பார்த்தாள். குமிழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அப்பா குனிந்து, பவர் வயர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கரகரக்கிற குமிழில் ஸ்டுடியோக்காரர் ஏதோ ஸ்ப்ரே அடித்து மேலும் கீழும் இழுத்தார். கரகரப்பு பாதியாகக் குறைந்தது.

"மீதி போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

"போகலேன்னா?" என்றாள் அவள்.

"போகலேன்னா அந்தக் குமிழைத் தொடாதீங்க. இன்னும் ஏழு இருக்கு."

அது நியாயம் என்று அவளுக்குப் பட்டது. மைக்கைக் கழற்றிவிட்டு, கெயினை முழுக்கத் திருப்பி, ஹெட்ஃபோனைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மா வேண்டாவெறுப்பாக வாங்கி மாட்டிக்கொண்டாள். காத்திருந்தாள். ஹெட்ஃபோனை ஒருமுறை தட்டினாள்.

"ஓடவே இல்லையே!" என்று கத்தினாள். "செத்துப்போன மெஷினை நம்ம தலையில கட்டுறாரு!"

ஸ்டுடியோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மைக்கை மாட்டி மேசைமேல் வைத்தார். பெரியம்மா பேசுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கையை மெதுவாகத் தூக்கினாள்; வளையல்கள் நழுவியதும் திடுக்கிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுல குழாய் சொட்டுது, பாருங்க" என்றாள் ஸ்டுடியோக்காரரிடம்.

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமாம்மா. சொட்டுது."

பெரியம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வைக்கிற சத்தம் கேட்காமல் வைத்தாள். "எடுத்துக்கோ டிகிரி" என்றாள். சண்டைக்குப் பிறகு அதுதான் அவளிடம் நேராகப் பேசியது.

அப்பா மிக்சரைத் தூக்கினார். டயரைத் தூக்குகிற பழக்கத்தில் முட்டியை மடித்து, முதுகை வளைக்காமல் தூக்கினார். படிக்கட்டில் அவள் கைகொடுக்கப் போனபோது, "விடும்மா, ஒரு கை போதும்" என்றார். பெருமைக்குச் சொன்னது. உச்சிப்படியில் நின்று மூச்சு வாங்கினார்.

கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அம்மா படுத்திருந்த இடத்தில் மேசையைப் போட்டார்கள். வீட்டில் தெருச்சத்தம் வராத அறை அது ஒன்றுதான். கேட்பதற்கு அவள் தயங்கினாள். கேட்பதற்குள் அப்பா மெத்தையைச் சுருட்டிவிட்டார். பெரியம்மா இரண்டு பழைய போர்வைகளைக் கொண்டுவந்து ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். ஆணி கோணலாகப் போனதற்கு ஆணியைத் திட்டினாள்.

நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. எந்த அத்தியாயமானாலும் வாசிக்கத் தொடங்கும் முன், யாரும் பேசாத அறையைக் கொஞ்ச நேரம் அப்படியே பதிவு செய்ய வேண்டும். இரைச்சல் இருக்கிறதா என்று அவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பின்னால் வெட்டி ஒட்டும்போது வார்த்தைகளுக்கு நடுவில் விழும் ஓட்டைகளை அடைக்கவும் அதுதான். அவள் ஃபிரிட்ஜை அணைத்தாள். மின்விசிறியை அணைத்தாள்.

"நான் வெளியே போகவா?" என்றார் அப்பா. கட்டில் சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்பா. அசையாம இருந்தாப் போதும்."

"எவ்வளவு நேரம்டி?" என்று வாசற்படியிலிருந்து கேட்டாள் பெரியம்மா. கையில் டீ டம்ளர் இருந்தது.

"நான் சொல்றவரைக்கும்."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கெயினைத் தன் குரலுக்கு வேண்டிய அளவுக்குத் தூக்கி, பதிவுப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. சாம்பல் மிக்சரின் ஒலி அளவு காட்டும் விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. பெரியம்மா டம்ளரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, எல்லாவற்றுக்கும் கீழே இருந்த பச்சை விளக்கு மட்டும் மங்கலாக எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா கைகளை முட்டிமேல் வைத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள்கள் ஏறின, இறங்கின. விளக்கும் அதற்குச் சரியாக எரிந்து அணைந்தது.

இதை அனுப்ப முடியாது. இன்னொரு தடவை எடுக்க வேண்டும். எடுத்துக்கொள்ளலாம்.

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.